நாயுடன் ஆர்.வி. பயணம்: அமெரிக்கத் தென்மேற்குப் பாலைநிலம் குறித்த கேள்வி பதில்

மணி என்று நாங்கள் பெயரிட்ட 55 பவுண்டு எடையுள்ள கலப்பின நாயுடன், ஒன்பது குளிர்காலங்களாக அரிசோனா, நியூ மெக்சிகோ, தெற்கு யூட்டா, கலிஃபோர்னியாவின் கிழக்குப் பாலைப்பகுதி ஆகிய இடங்களில் 27 அடி ஆர்.வி. (படுக்கை, சமையலறை கொண்ட வீட்டு வண்டி) ஒன்றில் சுற்றி வருகிறோம். அந்த அனுபவத்தை நம்பி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் இயன்ற விடைகள் இவை. வெப்பநிலைகள் அனைத்தும் ஃபாரன்ஹீட் அளவில் உள்ளன.

கேள்வி (டல்லாஸ்): ஐயா, பிள்ளைகளுக்கு ஜூலையில்தான் விடுமுறை. எங்கள் லாப்ரடாரையும் அழைத்துக்கொண்டு ஃபீனிக்ஸ், டூசான் பக்கம் பத்து நாள் போய்வரலாமா?

போகலாம், ஆனால் அந்த ஊர்களுக்கு வேண்டாம். ஃபீனிக்ஸில் 2023ஆம் ஆண்டு ஜூன் 30 தொடங்கி 31 நாட்கள் இடைவெளியே இல்லாமல் 110 டிகிரியும் அதற்கு மேலும் பதிவாயின. மறு ஆண்டில் 100 டிகிரியைத் தொட்ட நாட்கள் தொடர்ச்சியாக 113. வெப்பம் 100 டிகிரியைத் தொட்டுவிட்டால் நகராட்சியின் மலைப்பாதைகளில் நாய்களை அழைத்துச் செல்வதற்கே அங்கு 2016 முதல் தடை இருக்கிறது. ஆகவே, கோடையில் ஊரின் பெயரைப் பார்ப்பதற்கு முன்பு அதன் உயரத்தைப் பாருங்கள். ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து டிகிரி குறையும். ஃபீனிக்ஸ் 1,100 அடி உயரத்தில் இருக்கிறது. இரண்டரை மணி நேரப் பயணத்தில் எட்டிவிடக்கூடிய ஃபிளாக்ஸ்டாஃப் ஏறத்தாழ 7,000 அடியில், பைன் காட்டுக்கு நடுவே இருக்கிறது. நீங்கள் டல்லாஸிலிருந்து வருவதால், நியூ மெக்சிகோவில் 8,600 அடிக்கு மேல் இருக்கும் கிளவுட்கிராஃப்டில் தங்கி, விடியற்காலையில் மட்டும் கீழே இறங்கி வொயிட் சாண்ட்ஸ் மணல்மேடுகளைப் பார்த்துவிட்டு, ஒன்பது மணிக்குள் மலையேறிவிடலாம். தாழ்வான பாலைநிலத்தை நவம்பர் முதல் மார்ச் வரையிலான காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சான் ஹோசே): அண்ணா, ஆர்.வி.யில் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போது நாயை உள்ளே விட்டுவிட்டு நாங்கள் சில மணி நேரம் வெளியே போய்வரலாம் அல்லவா? அதற்காகத்தானே ஆர்.வி. எடுப்பதே?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாவது ஆண்டு, ஏப்ரல் மாத இறுதியில், தனியார் முகாம் ஒன்றில் 30 ஆம்ப் இணைப்பில் ஏ.சி.யை ஓடவிட்டு, மணியை உள்ளே படுக்கவைத்து, கடைக்குப் போய் ஐம்பது நிமிடத்தில் திரும்பினோம். மின்கம்பத்தில் இருந்த பிரேக்கர் விழுந்து மின்சாரம் நின்றிருந்தது. கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த காற்று, அடுப்பங்கரையில் இட்லிப் பானையைத் திறந்தது போல இருந்தது. சுவரில் இருந்த வெப்பமானி 97 காட்டியது. மணி, கழிவறைத் தரையில் வயிற்றை அழுத்திப் படுத்து, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டிருந்தது. நல்லவேளையாக அன்று வெளியில் 90 டிகிரிதான். இன்னும் வெயில் ஏறிய நாளாக இருந்திருந்தால் இந்தப் பதிலை எழுதும் மனநிலையில் இருந்திருக்கமாட்டேன்.

நடந்தது இதுதான்: பிற்பகலில் முகாமில் உள்ள அத்தனை வண்டிகளிலும் ஏ.சி. ஓடும்போது மின்னழுத்தம் 120 வோல்ட்டிலிருந்து இறங்கத் தொடங்குகிறது. அழுத்தம் குறைந்தால் கம்ப்ரசர் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. பிரேக்கர் சூடேறி விழுகிறது. நல்ல மின்காப்புக் கருவி பொருத்தியிருந்தாலும் பயனில்லை, ஏனெனில் 104 வோல்ட் அளவுக்குக் கீழே போனதும் கம்ப்ரசரைக் காப்பாற்ற அதுவே இணைப்பைத் துண்டித்துவிடும். கருவி தன் வேலையைச் சரியாகவே செய்கிறது, ஆனால் அது காப்பது ஏ.சி.யை, நாயை அல்ல. சிம் கார்டு போட்ட வெப்பநிலைக் கருவி கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் என்பார்கள். நாங்களும் வைத்திருக்கிறோம், ஆனால் பாலைநிலத்தில் பல இடங்களில் சிக்னலே கிடைக்காது, கிடைத்தாலும் செய்தி வரும்போது நீங்கள் நாற்பது மைல் தள்ளி இருந்தால் என்ன செய்வீர்கள்? மின்சாரம் நின்றால் தானாக ஓடத்தொடங்கும் ஜெனரேட்டர் ஓரளவு உதவும்.

எங்கள் வழக்கம் இப்போது எளியது. வெளியே 75 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒருவர் நாயுடன் இருப்பார். அதற்குக் குறைவாக இருந்தால் நிழலில் நிறுத்தி, கூரை விசிறிகளை ஓடவிட்டு, 15 நிமிடத்தில் திரும்பக்கூடிய தொலைவுக்குள் மட்டும் போவோம். சாதாரணக் காரில் விடுவதை நினைக்கவே வேண்டாம்: வெளியே 70 டிகிரி இருக்கும் இதமான நாளிலும் மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 89, அரைமணியில் 104 ஆகிவிடும். உயிருக்கு ஆபத்து என்று கண்டால் காவல்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு வழிப்போக்கரே கண்ணாடியை உடைத்து நாயை மீட்க அரிசோனாவில் 2017 முதல் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.

கேள்வி (ஆஸ்டின்): வெப்பத் தாக்குதலை எப்படி அறிவது, உடனே என்ன செய்வது?

இரைப்பு அடங்காமல் கூடிக்கொண்டே போவது, ஈறு செங்கல் நிறமாவது, பசை போன்ற எச்சில் வழிவது, பின்னங்கால்கள் தள்ளாடுவது ஆகியவை அடையாளங்கள். நாயின் இயல்பான உடல்வெப்பம் 101 முதல் 102.5 வரை, 105ஐத் தாண்டினால் ஒரு நிமிடமும் வீணாக்கக்கூடாது. முதலில் அங்கேயே குளிரவையுங்கள், பிறகு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள், வரிசையை மாற்றவேண்டாம். இருக்கும் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி விசிறியோ ஏ.சி. காற்றோ படும்படி செய்யுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிட்டால் அது வெப்பத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். உடல்வெப்பம் 103க்கு இறங்கியதும் நிறுத்திவிடுங்கள், இல்லையேல் தேவைக்கு மேல் குளிர்ந்துவிடும். பக், புல்டாக் போன்ற சப்பைமூக்கு இனங்களுக்கு இந்த ஆபத்து பன்மடங்கு.

கேள்வி (சியாட்டில்): தேசியப் பூங்காக்களில் நாய்க்கு அனுமதி உண்டா? ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள்.

ஒவ்வொரு பூங்காவுக்கும் விதி வேறு என்பதால் அவர்கள் சொல்வது எல்லாமே உண்மையாக இருக்கலாம். பொதுவான விதி ஒன்றுதான்: கழுத்துவாரில் கட்டிய கயிறு ஆறு அடிக்கு மேல் போகக்கூடாது.

நாய்க்கு மிகத் தாராளமானவை இரண்டு. வொயிட் சாண்ட்ஸில் மணல்மேடுகள் உட்பட எங்கும் கயிற்றோடு நடக்கலாம். அங்குள்ள மணல் ஜிப்சம் என்பதால் வழக்கமான மணலைப் போல் கொதிப்பதில்லை, ஆனால் நிழலும் கிடையாது, பார்வையாளர் மையத்தைத் தாண்டினால் தண்ணீரும் கிடையாது. பக்கத்தில் ஏவுகணைச் சோதனைக் களம் இருப்பதால் சில நாட்களில் சாலையை மூன்று மணி நேரம் வரை மூடிவிடுவார்கள்; முந்தைய நாளே விசாரித்துவிடுங்கள். ஆர்.வி. முகாம் உள்ளே இல்லை, ஆலமகார்டோவில் தங்கவேண்டும். மற்றொன்று, அரிசோனாவில் உள்ள பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட். இருபது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் அந்தப் பாதைகளில் மணி நடந்ததுபோல வேறெங்கும் நிதானமாக நடந்ததில்லை. முகர்ந்துபார்க்க அவ்வளவு கட்டைகள் இருந்தும் ஒன்றிலும் மர வாசனை இல்லை என்பதுதான் அதன் குழப்பம் என்று என் மனைவி சொல்வார்.

கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பில் விளிம்போரப் பாதைகளிலும் முகாம்களிலும் நாயை அழைத்துச் செல்லலாம். விளிம்புக்குக் கீழே ஓர் அடிகூட இறங்கக்கூடாது, பூங்காப் பேருந்திலும் ஏற்றமாட்டார்கள். யூட்டாவின் சையனில் பாரூஸ் என்ற ஒரே பாதைதான் நாய்களுக்கு. அங்கும் பேருந்தில் இடமில்லை என்பதால், பேருந்தில் மட்டுமே போகமுடிகிற மாதங்களில் பள்ளத்தாக்கின் உட்பகுதியைக் குடும்பத்தில் பாதிப்பேர் மாறி மாறிப் பார்க்கவேண்டியதுதான். ஆர்ச்சஸ், டெத் வேலி இரண்டிலும் சாலையையும் முகாமையும் விட்டு விலக முடியாது. ஜோஷுவா ட்ரீயும் ஏறக்குறைய அப்படித்தான். யூட்டாவின் மோவாப் ஊர் வரை போய் ஆர்ச்சஸ் வாசலில் ஏமாறுபவர்களுக்கு நான் சொல்வது டெட் ஹார்ஸ் பாயின்ட் மாநிலப் பூங்கா. அங்கே நடைபாதைகளில் நாய்க்கு அனுமதி உண்டு, கொலராடோ ஆறு வளைந்து திரும்பும் காட்சி இரண்டாயிரம் அடிக்குக் கீழே விரிந்து கிடக்கும்.

கேள்வி (ஹூஸ்டன்): அங்குள்ள கள்ளிகள் தாவிக் குத்தும் என்கிறார்களே, உண்மையா?

தாவுவதில்லை; ஆனால் தாவியதாகவே தோன்றும். சோயா (cholla) என்று அழைக்கப்படும் அந்தக் கள்ளியின் தண்டு சிறு உருண்டைகளாகக் கழன்றுவிடும். முள்ளின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிச் செதில்கள் இருப்பதால் லேசாக உரசினாலே உருண்டை ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நம் ஊர்ச் சப்பாத்திக்கள்ளி இதன் சொந்தக்காரன்தான் என்றாலும் அது இவ்வளவு வம்பு செய்வதில்லை. முன்னங்காலில் ஒட்டிய உருண்டையை நாய் வாயால் பிடுங்கப் பார்க்கும், அதுதான் பெரிய கேடு. அதன் பிறகு முள் உதட்டிலும் நாக்கிலும் இருக்கும். ஆகவே ஒருவர் தலையை இறுகப் பிடித்துக்கொள்ள, மற்றவர் அகன்ற பற்களுள்ள சீப்பை உருண்டைக்கும் தோலுக்கும் நடுவே செருகி, நாயின் உடலுக்கு எதிர்ப்புறமாக ஒரே வீச்சில் சுண்டிவிடவேண்டும். எஞ்சிய முட்களை இடுக்கியால் எடுக்கலாம். வெறுங்கையால் தொடாதீர்கள். என் சட்டைப்பையில் பணம் இல்லாத நாள் உண்டு, அந்த இரும்புச் சீப்பு இல்லாத நாள் கிடையாது.

முகாம்களின் ஓரத்தில் மஞ்சள் பூவோடு தரையில் படர்ந்திருக்கும் கொடியைப் பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியும்: நம் நெருஞ்சியேதான். இங்கே அதற்குக் கோட்ஹெட் என்று பெயர். சைக்கிள் டயரையும் நாயின் பாதத்தையும் ஒன்றுபோலப் பதம் பார்க்கும்.

கேள்வி (சான் டியாகோ): ராட்டில்ஸ்நேக் (கிலுகிலுப்பைப் பாம்பு) கடிக்கான தடுப்பூசி போட்டுவிட்டால் கவலையில்லை அல்லவா?

கவலை இருக்கத்தான் வேண்டும். அந்த ஊசி டயமண்ட்பேக் என்ற ஒரு வகை ராட்டில்ஸ்நேக்கின் நஞ்சைக் கொண்டு உருவாக்கப்பட்டது. போட்டிருந்தாலும் கடிபட்ட நாயை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும் என்பதில் மாற்றமில்லை. கட்டுப்போடுவது, கீறிவிடுவது, பனிக்கட்டி வைப்பது எதுவும் வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். நச்சுமுறி மருந்து சீசா ஒன்றுக்கே பல நூறு டாலர் ஆகும், எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பில் இராது; ஒவ்வொரு முகாமுக்கும் போய்ச் சேர்ந்த முதல் மாலையிலேயே அருகில் அது எங்கே கிடைக்கும் என்று தொலைபேசியில் கேட்டு எழுதிவைத்துக்கொள்வோம்.

பாம்பைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், தேரையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. சோனோரன் பாலைத் தேரை உள்ளங்கையை நிறைக்கும் அளவு பெரியது. கோடை மழைக்காலத்து இரவுகளில் வெளிவரும். நாய் அதை வாயில் கவ்வினால் எச்சில் நுரைத்து, ஈறு சிவந்து, வலிப்பு வரை போகலாம். வாயின் ஒரு பக்கத்திலிருந்து தண்ணீரைப் பாய்ச்சி, தொண்டைக்குள் இறங்காதபடி முகத்தைக் கீழ்நோக்கிப் பிடித்து, ஈறுகளைத் துணியால் தேய்த்தபடி பத்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓடவேண்டும். இரவில் தண்ணீர்க் கிண்ணத்தை வெளியே வைக்காதீர்கள். தேரை அதில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி (அட்லாண்டா): வேலி ஃபீவர் என்ற நோய்க்குப் பயந்து பயணத்தையே கைவிடலாமா என்று யோசிக்கிறோம்.

கைவிடவேண்டாம், ஆனால் தெரிந்துகொண்டு போங்கள். மண்ணில் வாழும் காக்சிடியாய்டஸ் என்ற பூஞ்சையின் வித்துகளை மூச்சில் இழுப்பதால் வருவது இது; ஃபீனிக்ஸ், டூசான் வட்டாரத்தில் மிகுதி. மூக்கை மண்ணில் புதைத்துத் தோண்டும் நாய்க்கு இயல்பாகவே வாய்ப்புக் கூடுதல், எனவே வளை தோண்ட விடாதீர்கள், புழுதிக்காற்று வீசும்போது உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான நாய்கள் வித்தை இழுத்தும் நோயுறாமலே தப்பிவிடுகின்றன. நோயுற்றால் ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குப் பிறகு வறட்டிருமல், காய்ச்சல், சோர்வு, எடைக்குறைவு தொடங்கும். எலும்பில் பரவினால் நொண்டும். அதற்குள் நீங்கள் அட்லாண்டாவுக்குத் திரும்பியிருப்பீர்கள், அங்குள்ள மருத்துவருக்கு இந்த நோய் நினைவுக்கே வராமல் போகலாம் என்பதுதான் சிக்கல். ஆகவே திரும்பிய பின் இருமினால், அரிசோனா போய்வந்ததை நீங்களே சொல்லி இரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஃபுளுகோனசோல் மாத்திரையைப் பல மாதங்கள் கொடுக்கவேண்டியிருக்கும். நாயிடமிருந்து வீட்டாருக்குத் தொற்றாது.

கேள்வி (ஃபீனிக்ஸ்): ஆற்றைக் கண்டால் எங்கள் நாய் நிற்காது. குடிக்கவிடலாமா?

வேண்டாம். 2020 ஜூலையில் சையனின் வர்ஜின் ஆற்றில் நீலப்பச்சைப் பாசியின் நச்சால் ஒரு நாய்க்குட்டி இறந்தது. நாய்க்கென்றே தனியாக நாளொன்றுக்கு ஒரு கேலன் தண்ணீர் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி (டென்வர்): கட்டணமின்றித் தங்கும் இடங்கள் நாய்க்குப் பாதுகாப்பானவையா?

நில மேலாண்மைத் துறையான பி.எல்.எம். நிலங்களில் பொதுவாக 14 நாட்கள் வரை இலவசமாகத் தங்கலாம்; அரிசோனாவின் குவார்ட்சைட் அருகே லா போசாவில் கட்டணம் செலுத்தினால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை குளிர்காலம் முழுவதும் இருக்கலாம். மணல் பரந்து தட்டையாக, வண்டி நிறுத்தத் தோதாகத் தெரியும் இடம் பெரும்பாலும் வறண்ட ஓடையின் படுகைதான். முப்பது மைல் தள்ளிப் பெய்த மழைகூட அங்கே வெள்ளமாக வரும், எனவே கரையேறி நிறுத்துங்கள். சிறிய நாயாக இருந்தால் அந்திக்கும் விடியலுக்கும் கயிற்றைக் கையிலிருந்து விடாதீர்கள். நரி போன்ற காயோட்டிகள் கூட்டமாக வருகின்றன. ஹாவலினா என்ற காட்டுப்பன்றி போன்ற விலங்குக்கு நாயைக் கண்டாலே ஆகாது.

கேள்வி (டல்லாஸ்): அரிசோனாவின் யூமாவிலிருந்து பல் மருத்துவத்துக்காக மெக்சிகோவின் லோஸ் அல்கோடோனஸ் போகிறோம். நாயையும் அழைத்துப் போய்த் திரும்பலாமா?

திரும்பும்போது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் நாய் இறக்குமதிப் படிவத்தின் ரசீதைக் காட்டவேண்டும். நாய்க்கு ஆறு மாதம் நிறைந்து, மைக்ரோசிப் பொருத்தியிருக்கவேண்டும். இது 2024 ஆகஸ்ட் 1 முதல் உள்ள விதி. ஒருவர் யூமாவிலேயே நாயுடன் தங்கிவிடுவது எளிது. எல்லையைக் கடக்காவிட்டாலும் தெற்கு அரிசோனா நெடுஞ்சாலைகளில் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடிகள் உண்டு. விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டையும் ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு) தாளையும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். அங்குள்ள மோப்ப நாயைப் பார்த்து உங்கள் நாய் குரைக்கும். காவலர்களுக்கு அது பழகிப்போன ஒன்று.

கேள்வி (ஆர்லாண்டோ): கடைசியாக ஒன்று. காலுக்குப் பூட்ஸ் வாங்கவேண்டுமா?

வாங்குங்கள். காற்று 77 டிகிரியாக இருக்கும்போதே வெயில்பட்ட தார்ச்சாலை 125 டிகிரியைத் தொட்டுவிடும். புறங்கையை ஏழு விநாடி தரையில் வைக்கமுடியாவிட்டால் நாயை இறக்காதீர்கள். ஆனால் பூட்ஸைப் பயணத்தன்று முதன்முதலாக மாட்டாதீர்கள். மணி முதல் நாள் கொக்கைப்போல் ஒவ்வொரு காலையும் உயர உயரத் தூக்கி வைத்து நடந்தது, பிறகு உட்கார்ந்து நிதானமாக நான்கில் ஒன்றைக் கழற்றி மென்றுவிட்டது. வீட்டிலேயே இரண்டு வாரம், நாளுக்குப் பத்து நிமிடம் பழக்குங்கள். அப்படியே ஒன்றிரண்டு கூடுதலாகவும் வாங்கி வையுங்கள்.