ரிசீவரைப் பிடித்திருக்கும் முகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமீபத்தில், அமெரிக்காவை நோக்கி ஓர் அணு ஏவுகணை வருவதைப் பற்றிய ‘எ ஹவுஸ் ஆஃப் டைனமைட்’ படம் பார்த்தேன். முதல் பகுதி முடியும்வரை நாற்காலியின் நுனியில்தான் இருந்தேன். பிறகு அதே இருபது நிமிடத்தைத் திரும்பத் திரும்பக் காட்டியதும் சலித்துவிட்டது. எனக்கு ஒரு சந்தேகம். இந்த வகைப் படங்களில் நடிகர்கள் செய்வதற்கு என்ன இருக்கிறது? ஓர் அறையில் உட்கார்ந்து போனில் பேசுகிறார்கள், பெரிய திரையைப் பார்க்கிறார்கள், வியர்க்கிறார்கள். திரைக்கதை சரியாக இருந்தால் யார் நடித்தாலும் ஒன்றுதானே என்று தோன்றுகிறது. ஆனால் சிலர் நடிக்கும்போது மட்டும் படம் எங்கேயோ போய்விடுகிறது. அது ஏன்? இவற்றில் வரும் இரட்டைச் சாவி, ரகசியக் கோட், சிவப்பு போன் எல்லாம் எந்த அளவுக்கு உண்மை? எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

ர.

அன்புள்ள ர.,

போனில் பேசுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். நல்ல நடிகர்கள் அந்தக் காட்சிகளில் பேசுவதைவிடக் கேட்பதுதான் அதிகம். இந்த வகைப் படத்தில் எதிரி கண்ணுக்குத் தெரிய மாட்டான். ஏவுகணை என்பது திரையில் நீளும் ஒரு கோடு, விமானம் ஒரு புள்ளி, உத்தரவு ஒரு துண்டுக் காகிதம். நடப்பதெல்லாம் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் நடக்கிறது. அது நம்மிடம் வந்து சேர இருக்கும் ஒரே வழி, அதைக் கேட்டுக்கொண்டிருப்பவரின் முகம். அந்த முகத்தில் பொய் தெரிந்துவிட்டால் படம் அங்கேயே படுத்துவிடும். பிறகு எத்தனை கோடிக்கு கிராபிக்ஸ் செய்தாலும் எழுந்திருக்காது.

இதற்கு 1964-ஐவிட நல்ல பாடம் கிடைக்காது. ஒரே கொலம்பியா நிறுவனம் அந்த ஆண்டில் ஏறக்குறைய ஒரே கதையுள்ள இரண்டு படங்களை வெளியிட்டது. ஜனவரியில் ஸ்டான்லி குப்ரிக்கின் ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’, அக்டோபரில் சிட்னி லூமெட்டின் ‘ஃபெயில் சேஃப்’. இரண்டிலும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் ரஷ்யாவை நோக்கிக் கிளம்பிவிடுகின்றன, திருப்பி அழைக்க முடியவில்லை. முன்னதில் ஒரு ஜெனரலின் பைத்தியம் காரணம், பின்னதில் ஓர் இயந்திரக் கோளாறு. இரண்டிலும் அமெரிக்க அதிபர் ரஷ்யத் தலைவருக்குப் போன் போட்டு, எங்கள் விமானங்கள் உங்கள் மீது குண்டு போட வந்துகொண்டிருக்கின்றன என்று சொல்லியாக வேண்டும்.

குப்ரிக்கின் படத்தில் அந்தப் போனைப் பேசுபவர் பீட்டர் செல்லர்ஸ். மறுமுனையில் இருப்பவர் குடித்திருக்கிறார். அவர் குரல் நமக்குக் கேட்பதே இல்லை. ஆனால் செல்லர்ஸ் விடும் இடைவெளிகளை வைத்தே அங்கே என்ன சொல்லப்படுகிறது, எங்கே கோபம், எங்கே மனத்தாங்கல் என்று நம்மால் சொல்லிவிட முடிகிறது. அடம்பிடிக்கும் பிள்ளையைச் சமாதானப்படுத்தும் பொறுமையோடு அவர் பேசுகிறார். யாருக்கு வருத்தம் அதிகம் என்பதில்கூட ஒரு சின்னச் சண்டை வருகிறது. நகைச்சுவைதான். ஆனால் செல்லர்ஸ் ஒரு நொடிகூடச் சிரிப்பு மூட்ட முயல்வதில்லை. அந்த அறையிலேயே மிகவும் நிதானமான மனிதர் அவர்தான்.

லூமெட்டின் படத்தில் அதே போன் ஹென்றி ஃபோண்டாவின் கையில். ஒரு சிறிய நிலவறை, மேசை, தொலைபேசி, வெற்றுச் சுவர். எதிரே மொழிபெயர்ப்பாளராக லாரி ஹேக்மன். அதிபர் அவரிடம் ஒரு வேலை கொடுக்கிறார். ரஷ்யத் தலைவர் சொல்லும் சொற்களை மட்டும் மொழிபெயர்த்தால் போதாது, அந்தக் குரலுக்குப் பின்னால் அவர் என்ன நினைக்கிறார் என்று உனக்குத் தோன்றுவதையும் சொல் என்கிறார். இந்த ஒரு கட்டளையால் ஹேக்மனின் பாத்திரம் மொத்தமாக மாறிவிடுகிறது. படம் ரஷ்யத் தலைவரைக் காட்டுவதே இல்லை. அவருடைய சந்தேகம், கோபம், கடைசியில் வரும் துயரம் எல்லாம் ஓர் இளம் மொழிபெயர்ப்பாளரின் தொண்டை வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஹேக்மன் அந்த உணர்ச்சியை நடித்துக் காட்டுவதில்லை. காதில் விழுந்ததை ஒரு கணம் தாங்கி வைத்துக்கொண்டு பிறகு சொல்கிறார். அந்தக் கணம்தான் நடிப்பு. ஃபோண்டாவோ நேர்மாறு. நெருக்கடி ஏற ஏற அவர் குரல் இறங்குகிறது. கத்த வேண்டிய இடத்தில் சொற்களுக்கு நடுவே இடம் விடுகிறார். படத்துக்குப் பின்னணி இசையும் கிடையாது. நம்மைத் தாங்கிப் பிடிக்க அந்த இரண்டு குரல்களைத் தவிர வேறொன்றும் இல்லை.

அறுபது ஆண்டுப் பழைய படம் என்பதால் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மாஸ்கோவில் குண்டு வெடித்தால் அங்குள்ள அமெரிக்கத் தூதரின் தொலைபேசி உருகும், அப்போது லைனில் ஒரு கீச்சொலி வரும் என்று முன்கூட்டியே நமக்குச் சொல்லப்படுகிறது. பிறகு அந்த ஒலி வருகிறது. ஒரு நகரம் அழிந்ததைக் காட்ட லூமெட்டுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். ஈடாக நியூயார்க்கின் மீது தானே குண்டு போட உத்தரவிடும் அதிபரின் மனைவி அந்த நியூயார்க்கில்தான் இருக்கிறார். அந்தத் தகவலை ஃபோண்டா எங்கேயும் அழுத்துவதில்லை. அதே படத்தில் வால்டர் மாத்தாவ் செய்திருப்பதையும் விட்டுவிடாதீர்கள். சாவு எண்ணிக்கையைக் கணக்குப் பாடமாகப் பேசும் பேராசிரியர் அவர். நியூயார்க் போகப்போகிறது என்று தெரிந்ததும், இடிபாடுகளிலிருந்து நிறுவனங்களின் ஆவணங்களை மீட்பது பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. வில்லத்தனம் காட்டியிருந்தால் நாம் அவரை வெறுத்துவிட்டுத் தப்பித்திருப்போம்.

அடுத்து, நடைமுறை எப்படி நடிகருக்கு உதவுகிறது என்பது. 1995-இல் வந்த ‘கிரிம்சன் டைட்’ இதற்கு மிகச் சரியான உதாரணம். ஜீன் ஹேக்மன் நீர்மூழ்கியின் கேப்டன், டென்செல் வாஷிங்டன் அவருக்கு அடுத்த அதிகாரி. அணு ஏவுகணைகளை ஏவச் சொல்லி ஓர் உத்தரவு வந்துவிட்டது. இரண்டாவது செய்தி வந்துகொண்டிருக்கும்போதே பாதியில் அறுந்துவிடுகிறது. ஏவுவதா, காத்திருப்பதா? படத்தின் கெட்டிக்காரத்தனம், இந்தச் சடங்கை நமக்கு முதலில் ஒரு பயிற்சியாகக் காட்டிவிடுவது. செய்தியைப் பிரிப்பது, பெட்டகத்தில் இருக்கும் அட்டையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுவது, ஒருவர் சரி என்றதும் மற்றவர் ஆமோதிப்பது. நிஜ உத்தரவு வரும்போது அதே சொற்கள்தான், அதே வரிசைதான். புதிதாக விளக்க எதுவும் இல்லாததால் நம் கவனம் முழுவதும் நடிகரின் மூச்சுக்குப் போய்விடுகிறது. “நான் ஆமோதிக்கவில்லை” என்று வாஷிங்டன் சொல்வதற்கு அத்தனை எடை வந்தது அதனால்தான்.

ஹேக்மன் அந்தக் கேப்டனைக் கொடுங்கோலனாக நடித்திருந்தால் படம் பதினைந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அவர் தன் பக்கம் நியாயம் இருப்பதாக முழுமையாக நம்புகிறார், நம்மையும் கொஞ்ச நேரம் நம்பவைக்கிறார். ரேடியோ பழுதுபார்ப்பு முடிவதற்காக இருவரும் கெடு வைத்துக் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் அவர்கள் பேசுவது லிப்பிஸானர் குதிரைகளைப் பற்றி. எந்த நாட்டுக் குதிரை, பிறக்கும்போது என்ன நிறம் என்று. உலகம் எரியப்போகிறதா என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இருவரும் அத்தனையையும் அந்தக் குதிரைகளின் மேல் ஏற்றிவிடுகிறார்கள். மூத்த மாலுமியாக வரும் ஜார்ஜ் சுண்ட்ஸாவையும் பாருங்கள். வாஷிங்டனை அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் விதிப்படி கேப்டன் செய்தது தவறு என்பதால் அவரைச் சிறைப்பிடிக்க உதவுகிறார். பிறகு வாஷிங்டனிடமே, நான் உங்கள் பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள் என்கிற அர்த்தத்தில் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். துணை நடிகர் ஒருவர் படத்தின் முதுகெலும்பாக மாறும் இடம் அது.

மிகச் சிறிய வேடம்கூட இப்படி நிற்கும். ‘வார்கேம்ஸ்’ (1983) சிறுவர் சாகசம் போலத் தெரியும். அதன் முதல் சில நிமிடங்களைத் தனியாகப் பாருங்கள். ஏவுதள அறையில் ஜான் ஸ்பென்சரும் மைக்கேல் மேட்சனும். சாவியைத் திருப்ப வேண்டிய நேரத்தில் மூத்தவரின் கை நின்றுவிடுகிறது. இளையவர் துப்பாக்கியை நீட்டுகிறார். இருவரும் அதற்குப் பிறகு படத்தில் இல்லை. ஆனால் மனிதர்களை எடுத்துவிட்டு இயந்திரத்தை வைக்கும் முடிவு அந்தத் தயங்கிய கையிலிருந்துதான் வருகிறது. ‘த பெட்ஃபோர்ட் இன்சிடென்ட்’ (1965) படத்தில் கேப்டனாக வரும் ரிச்சர்ட் விட்மார்க்கின் போர்க்கப்பலில் ஓய்வே இல்லாமல் விரட்டப்படும் இளம் அதிகாரி ஒருவர், கேப்டன் பேச்சுவாக்கில் சொன்னதன் கடைசிச் சொற்களை உத்தரவாக எடுத்துக்கொண்டு பொத்தானை அழுத்திவிடுகிறார். அந்த இளைஞராக வரும் ஜேம்ஸ் மெக்கார்தர் ஒன்றரை மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்துக்கொண்டே வந்திருப்பதால்தான் அந்த ஒரு நொடியை நம்ப முடிகிறது.

அணு ஆயுதம் இல்லாமல் அணு உலை பற்றியது என்றாலும், ‘த சைனா சிண்ட்ரோம்’ (1979) படத்தை இந்த வரிசையில் சேர்த்தே ஆக வேண்டும். ஜாக் லெமன் கட்டுப்பாட்டு அறை மேற்பார்வையாளர். உலையில் தண்ணீர் அளவு அதிகம் என்று ஒரு மீட்டர் காட்டுகிறது. ஆட்கள் தண்ணீரைக் குறைக்கிறார்கள். ஏதோ சரியில்லை என்று லெமன் அந்தக் கண்ணாடியை விரலால் தட்டுகிறார். சிக்கிக்கொண்டிருந்த முள் சரசரவென்று கீழே இறங்குகிறது. தண்ணீர் அபாயகரமான அளவுக்குக் குறைந்திருக்கிறது. அவர் அலறுவதில்லை. வேலை தெரிந்த ஒருவன் தன் வேலையிலேயே ஏமாந்துபோனதைக் கண்டுகொள்ளும் முகம் அது. இந்தப் படத்திலும் பின்னணி இசை இல்லை. கான் விழாவில் லெமனுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. படம் வெளியானது மார்ச் 16. அந்த மாதம் 28-ஆம் தேதி அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் விபத்து நடந்தது. அங்கேயும் தண்ணீர் அதிகம் இருப்பதாக மீட்டரை நம்பி, ஆட்கள் அவசரக் குளிர்விப்பு நீரைக் குறைத்துவிட்டார்கள்.

இனி நீங்கள் பார்த்த படம். மூன்றாவது சுற்றில் அது தளர்கிறது என்பது சரிதான். நடிகர்களால் அல்ல. மூன்றாம் முறை நமக்குப் புதிதாகத் தெரிய வேண்டிய தகவல் குறைவு என்பதால். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? முதல் இரண்டு பகுதிகளில் அதிபர் வெறும் குரல். கான்பரன்ஸ் காலில் அவருடைய கட்டம் கறுப்பாக இருக்கிறது. இட்ரிஸ் எல்பாவை நாம் பார்க்கும்போது, முன்பு உறுதியாகக் கேட்ட அதே சொற்கள் எவ்வளவு குழம்பிய மனிதரிடமிருந்து வந்தன என்று தெரிகிறது. ரெபெக்கா ஃபெர்குசனின் பகுதியைத் திரும்பப் பாருங்கள். பயம் வரும்போதெல்லாம் அவர் அடுத்த வேலையைச் செய்கிறார். பயத்தை நடிப்பதைவிட அது பல மடங்கு கடினம். ட்ரேசி லெட்ஸின் ஜெனரல் பதிலடி கொடுக்க வேண்டும் என்று வாதாடுபவர். பேஸ்பால் பேசும் அதே குரலில் வாதாடுகிறார். மாத்தாவின் வாரிசு என்று அவரைச் சொல்வேன்.

நடைமுறைகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரட்டைச் சாவி உண்மை. மினிட்மேன் என்ற அமெரிக்க அணு ஏவுகணையின் ஏவுதள அறையில் ஒரே ஆள் இரண்டையும் திருப்ப முடியாதபடி சாவித் துளைகளைச் சுமார் 12 அடி இடைவெளியில் வைத்திருக்கிறார்கள். அதற்கும் மேலே, இன்னொரு அறையின் குழுவும் அதே உத்தரவை நிறைவேற்ற வேண்டும். படங்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடும். சிவப்பு போன் கற்பனை. வாஷிங்டன்–மாஸ்கோ நேரடித் தொடர்பு 1963 ஆகஸ்டில் தொடங்கியபோது அது தட்டச்சு செய்த செய்தியை அனுப்பும் டெலிடைப் இயந்திரம். குரலில் பேசினால் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம் என்பதால் எழுத்தையே தேர்ந்தெடுத்தார்கள். ஃபோண்டாவின் காட்சி அன்றைய நேரடித் தொடர்பில் நடந்திருக்க முடியாதது. அணு ஆயுத உத்தரவுக்காக அதிபருடன் எப்போதும் போகும் பெட்டியில் பொத்தான் எதுவும் இல்லை. அவர் வைத்திருக்கும் அட்டையின் கோட், பேசுவது அவர்தான் என்று நிரூபிக்க மட்டும். இரண்டு பேர் விதி கீழே உள்ள எல்லோருக்கும் உண்டு, அதிபருக்குக் கிடையாது. ‘கிரிம்சன் டைட்’ வந்தபோது அமெரிக்க நீர்மூழ்கிகளில் வெளியிலிருந்து கோட் வராமலே ஏவ முடிந்தது. 1990-களின் பிற்பகுதியில்தான் அது மாறியது. அமெரிக்கப் படைகளின் ஆயத்த நிலையைக் குறிக்கும் டெஃப்கான் எண்ணைத் தலைகீழாகச் சொல்லும் படங்களும் உண்டு. 5 என்றால் அமைதி, 1 என்றால் போர். 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியில் அமெரிக்கக் குண்டுவீச்சுப் படை 2 வரை போனது.

அந்த நெருக்கடியைப் பற்றிய ‘தர்ட்டீன் டேஸ்’ (2000) படத்தில் கெவின் காஸ்ட்னரின் பாத்திரத்துக்கு வரலாற்றில் இல்லாத முக்கியத்துவம் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தள்ளிவிட்டு ப்ரூஸ் க்ரீன்வுட்டைப் பாருங்கள். கென்னடியை மிமிக்ரி செய்யாமல், சுற்றிலும் பேசுபவர்களை எடைபோட்டுக்கொண்டே இருக்கும் ஒரு மனிதரை நடித்திருக்கிறார். பாதுகாப்பு அமைச்சர் மக்னமாராவாக வரும் டிலன் பேக்கர் ஒரே ஒரு இடத்தில் வெடிக்கிறார். கடலில் நிற்கும் கப்பல்கள் போர் செய்யவில்லை, இரண்டு தலைவர்கள் பேசிக்கொள்ளும் மொழி அது என்று கடற்படைத் தளபதியிடம் கத்துகிறார். அதுவரை அடக்கி வாசித்ததால்தான் அந்தக் கத்தல் எடுபடுகிறது. முதல் காட்சியிலேயே கத்திவிட்ட நடிகருக்கு இந்த வகைப் படத்தில் போக இடமில்லை.

எதிலிருந்து தொடங்குவது? ‘கிரிம்சன் டைட்’ முதலில். வேகமான படம், சடங்கும் பழகிவிடும். பிறகு ‘ஸ்ட்ரேஞ்ச்லவ்’, அடுத்த நாளே ‘ஃபெயில் சேஃப்’. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். குப்ரிக்கைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு லூமெட்டில் வந்து தொண்டையில் அடைக்க வேண்டும். அதன்பின் லெமன். டப்பிங் வேண்டாம், மூலக் குரலோடு பாருங்கள், முடிந்தால் ஹெட்ஃபோனில். போன் காட்சி வரும்போது பேசுபவரை விட்டுவிட்டு ‘ஃபெயில் சேஃப்’ லாரி ஹேக்மனைப் போன்று பக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்பவரைப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.