வின்டோஸ், மக், உபுண்டு: மூன்றுக்கும் ஒரே யூஎஸ்பி பிரின்டர்

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்:

"வீட்டில் எப்சன் எல்3110 பிரின்டர் இருக்கிறது. வைஃபை இல்லாத மொடல். என்னுடைய வின்டோஸ் 10 மேசைக் கணினியில் வயரால் கொழுவியிருக்கிறோம். மகனின் லப்டொப்பில் உபுண்டு, மகளிடம் மக்புக். அவர்களுக்கு ஒரு தாள் அச்சிட வேண்டுமென்றாலும் பென்டிரைவோடு என் அறைக்கு வருகிறார்கள். நான் ரியூஷன் பிள்ளைகளுக்கு வினாத்தாள் அடித்துக்கொண்டிருக்கும்போது எழும்பி இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை ஷெயர் பண்ணிப் பார்த்தோம். மக்கிலிருந்து அனுப்பியதும் விளங்காத எழுத்துகளாகத் தாளுக்கு மேல் தாள் வந்து விழுந்தது. புதிதாக வைஃபை பிரின்டர் வாங்கத்தான் வேண்டுமா?"

வாங்க வேண்டாம். எல்3110 நல்ல பிரின்டர். அதற்கு லினக்ஸிலும் (உபுண்டு அதில் ஒரு வகை) மக்கிலும் டிரைவர் இருக்கிறது. அந்த விளங்காத எழுத்துகள் வந்த காரணத்தை முதலில் பார்த்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

பிரின்டருக்கு வேர்ட் கோப்பும் தெரியாது, பிடிஎஃப்பும் தெரியாது. எப்சனுக்கு எப்சனின் மொழி மட்டும்தான் விளங்கும். நீங்கள் அனுப்பும் பக்கத்தை அந்த மொழிக்கு மாற்றிக் கொடுப்பது டிரைவரின் வேலை. ஆகவே பிரின்டரைப் பகிரும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த மொழிபெயர்ப்பு எந்தக் கணினியில் நடக்கிறது என்பதுதான். வின்டோஸ் கணினியில் ஷெயர் பண்ணிய பிரின்டருக்கு மக்கிலிருந்தோ உபுண்டுவிலிருந்தோ அனுப்பினால், அனுப்பும் கணினியே மொழிபெயர்த்து அனுப்ப வேண்டும். வின்டோஸ் அதை வாங்கி அப்படியே பிரின்டருக்குத் தள்ளிவிடும். உங்கள் மகளின் மக்கில் பிரின்டரைச் சேர்க்கும்போது 'ஜெனரிக் போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரின்டர்' என்பது தெரிவாகியிருக்கும். அப்படியென்றால் போனது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற வேறொரு அச்சு மொழி. எப்சனுக்கு அது விளங்காது, வெறும் எழுத்தாக நினைத்து அச்சிட்டுத் தள்ளிவிட்டது. அந்தத் தாள்களை இன்னும் வைத்திருந்தால் முதல் தாளின் மேல் மூலையைப் பாருங்கள். %! என்ற இரண்டு குறிகளோடு தொடங்கினால் காரணம் இதுவேதான். பிரின்டரில் பழுதில்லை, வயரிலும் பழுதில்லை.

இனி வழி இரண்டு.

முதலாவது, இப்போதிருக்கும் வின்டோஸ் கணினியையே வைத்துச் சமாளிப்பது. செலவில்லை. ஆனால் நீங்கள் கணினியை நிறுத்திவிட்டால், அல்லது அது தூக்கநிலைக்குப் போய்விட்டால், பிள்ளைகளுக்கு அச்சு இல்லை. செட்டிங்ஸில் டிவைசஸ், அதற்குள் பிரின்டர்ஸ் அன்ட் ஸ்கேனர்ஸ் போய், எப்சனைத் தெரிவுசெய்து, மனேஜ், பிரின்டர் புரொப்பர்ட்டீஸ், ஷெயரிங் என்று போங்கள். ஷெயர் பெயரை இடைவெளி இல்லாமல் ஆங்கிலச் சிற்றெழுத்தில் 'எப்சன்' என்று மட்டும் வையுங்கள். 'எப்சன் எல்3110 சீரிஸ்' என்ற நீளப் பெயரில் வரும் இடைவெளிகள் மற்றக் கணினிகளில் முகவரி அடிக்கும்போது தொல்லை தரும். வைஃபை அமைப்பில் உங்கள் வலையமைப்பு 'பிரைவேட்' என்று இருக்க வேண்டும். 'பப்ளிக்' என்றிருந்தால் ஃபயர்வோல் கதவைச் சாத்திவிடும்.

பலர் சிக்கிக்கொள்ளும் இடம் கடவுச்சொல். நான்கு இலக்கப் பின் எண்ணை அடித்துக் கணினிக்குள் போகிறவர்கள் அதே எண்ணை மக்கிலும் அடித்துப் பார்த்துக் களைத்துவிடுவார்கள். பின் எண் அந்தக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் செல்லும், வலையமைப்பினூடாகச் செல்லாது. அச்சுக்கென்றே மைக்ரோசொஃப்ட் கணக்கில்லாத ஒரு லோக்கல் பயனரை உருவாக்கி, அவருக்கு ஒரு கடவுச்சொல் கொடுங்கள். மக்கிலும் உபுண்டுவிலும் அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும்.

மக்கில் பிரின்டரைச் சேர்க்கும் பெட்டியின் வின்டோஸ் பகுதி பெரும்பாலும் வெறுமையாகவே காட்டும். மனம் தளர வேண்டாம். அந்தப் பெட்டியின் மேல் பட்டையில் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கி, கஸ்டமைஸ் போய், 'அட்வான்ஸ்ட்' என்ற பற்சக்கரப் படத்தை மேலே இழுத்துப் போடுங்கள். அதில் வகையாக 'வின்டோஸ் பிரின்டர் வியா ஸ்பூல்ஸ்' என்பதைத் தெரிவுசெய்து, எஸ்எம்பி (வின்டோஸின் பகிர்வு முறை) என்று தொடங்கும் முகவரியில் உங்கள் கணினியின் ஐபி எண்ணையும் (வலையமைப்பில் அதன் முகவரி எண்) ஷெயர் பெயரையும் அடியுங்கள். பெட்டியின் அடியில் 'யூஸ்' என்றிருக்கும் இடத்தில் எப்சனின் டிரைவரைத் தெரிவுசெய்வதுதான் முக்கியம். எப்சனின் தளத்திலிருந்து அதை முன்கூட்டியே நிறுவியிருக்க வேண்டும். உபுண்டுவில் 'எஸ்எம்பி கிளையன்ட்' என்ற பொதியை நிறுவாவிட்டால் வின்டோஸ் பிரின்டர் என்ற தெரிவே தலைகாட்டாது.

வீட்டில் இன்னொரு வின்டோஸ் லப்டொப் இருந்து, அதில் 11பி என்று முடியும் பிழை எண் வந்தால், 2021இல் அச்சுச் சேவையில் கண்டுபிடிக்கப்பட்ட பெரிய பாதுகாப்பு ஓட்டையை அடைத்த புதுப்பிப்புகள் இரண்டு கணினிகளிலும் ஒரே நிலையில் இல்லை என்று பொருள். வின்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். சரியாகும்தான், ஓட்டையும் திரும்பத் திறந்துவிடும். இரண்டு கணினிகளையும் முழுதாகப் புதுப்பியுங்கள்.

இரண்டாவது வழியைத்தான் உங்கள் வீட்டுக்கு நான் சொல்வேன். மொழிபெயர்ப்பை ஒரே இடத்தில் வைத்துக்கொள்வது. சிறிய லினக்ஸ் கணினி ஒன்றில் எப்சனைக் கொழுவிவிட்டால், மற்றக் கணினிகளும் கைபேசிகளும் பொதுவான வடிவில் பக்கத்தை அனுப்பும், எப்சன் மொழிக்கு மாற்றுவதை அந்தக் கணினியே பார்த்துக்கொள்ளும். இந்த வேலையைச் செய்யும் மென்பொருளின் பெயர் கப்ஸ். 1999இல் வெளிவந்தது. மக்கின் அச்சு வேலையும் உள்ளுக்குள் இதே கப்ஸில்தான் ஓடுகிறது. அதனால்தான் மக்கும் லினக்ஸும் இந்த விடயத்தில் அண்ணன் தம்பி போல ஒத்துப்போகின்றன.

கணினிக்கு ராஸ்பெரி பை என்ற கையடக்கச் சிறு கணினி போதும். வீட்டில் பழைய லப்டொப் ஒன்று தூசி பிடித்துக் கிடந்தால் நான் அதைத்தான் எடுப்பேன். பேட்டரி பாதி செத்திருந்தாலும் கரண்ட் போகும்போது அதுவே யூபிஎஸ். ராஸ்பெரி பை மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் அதன் மெமரி கார்ட் கெட்டுப்போகலாம். ரவுட்டருக்குச் சின்ன யூபிஎஸ் வைத்திருக்கிறீர்கள் என்றால் ராஸ்பெரி பையையும் அதிலேயே போடுங்கள். ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ என்ற மொடலை வாங்குவதானால் யூஎஸ்பி ஓடிஜி வயர் ஒன்றும் சேர்த்து வாங்க வேண்டும், அதில் சாதாரண யூஎஸ்பி துளை இல்லை. எந்தக் கணினியானாலும் பிரின்டர் வயர் 5 மீற்றருக்குள் இருக்கட்டும்.

லினக்ஸை நிறுவி, கப்ஸையும், எப்சனுக்கான 'ஈஎஸ்சிபிஆர்' டிரைவர் பொதியையும் நிறுவுங்கள். அதே கணினியின் உலாவியில் 127.0.0.1:631 என்று அடித்தால் கப்ஸின் பக்கம் திறக்கும். திரை இல்லாத ராஸ்பெரி பை என்றால் இந்த ஒருமுறைக்கு மட்டும் டிவியில் எச்டிஎம்ஐ வயரால் கொழுவிக்கொள்ளலாம். அட்மினிஸ்ட்ரேஷன் பகுதியில் பிரின்டரைச் சேர்க்கும்போது 'ஷெயர் திஸ் பிரின்டர்' என்பதில் சரி போடுங்கள். அட்மினிஸ்ட்ரேஷன் பக்கத்திலேயே, இந்தக் கணினியின் பிரின்டர்களைப் பகிர்வதற்கு இன்னொரு சரி இருக்கிறது. இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு 'மற்றக் கணினியில் தெரியவில்லையே' என்று தேடுகிறவர்கள்தான் அதிகம். இணையத்திலிருந்து அச்சிட அனுமதிக்கும் தெரிவைத் தொடவே வேண்டாம். 'ஃபொர்பிடன்' என்று மறுத்தால் உங்கள் பயனர் பெயர் 'எல்பி அட்மின்' குழுவில் இல்லை, அதில் சேர்த்துவிட்டு ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள்.

அடுத்ததாகத் தாளின் அளவு. புதிதாகச் சேர்த்த பிரின்டரில் அமெரிக்க 'லெட்டர்' அளவு இயல்பாக நிற்பது வழமை. அதன் உயரம் 279 மில்லிமீற்றர், நம்முடைய ஏ4 297. இதை மாற்றாமல் விட்டால் வினாத்தாளின் கடைசி வரிகள் அடுத்த தாளுக்குப் போகும், அல்லது ஓரம் வெட்டுப்படும். கப்ஸிலேயே டிஃபோல்ட் ஒப்ஷன்ஸில் ஏ4 என்று மாற்றிவிடுங்கள்.

பிரின்டரைச் சோதித்துப் பார்க்கும் தாளை (டெஸ்ட் பேஜ்) முதலில் அந்த லினக்ஸ் கணினியிலிருந்தே அச்சிடுங்கள். அங்கே வராதது வேறெங்கிருந்தும் வராது. வந்துவிட்டால் மக்கிலும் உபுண்டுவிலும் பிரின்டர் தானாகவே பட்டியலில் தெரியும். ஐஃபோனிலும் ஏர்பிரிண்டாக (டிரைவர் இல்லாமலே அச்சிடும் ஆப்பிளின் முறை) தெரியும், புதிய அன்ட்ரொய்ட் போன்களும் கண்டுபிடித்துவிடும். மக்கில் ஏர்பிரிண்ட் என்று காட்டினால் அதையே விடுங்கள், எப்சன் டிரைவர் இனி அங்கே தேவையில்லை.

உங்கள் வின்டோஸ் கணினியும் இனி இந்தப் பிரின்டருக்கு வலையமைப்பு வழியாகத்தான் அனுப்பும். பிரின்டரைச் சேர்க்கும் இடத்தில் தானாக வராவிட்டால் 'பட்டியலில் இல்லை' என்பதைச் சொடுக்கி, பெயரால் தெரிவுசெய்யும் கட்டத்தில் எச்டிடிபி என்று தொடங்கி 192.168.1.50:631, சாய்கோடு, 'பிரின்டர்ஸ்', சாய்கோடு, கப்ஸில் நீங்கள் வைத்த பெயர் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். 192.168.1.50 இருக்கும் இடத்தில் உங்கள் லினக்ஸ் கணினியின் எண் வரும். டிரைவர் கேட்டால் மைக்ரோசொஃப்ட் என்பதற்குக் கீழே ஐபிபி கிளாஸ் டிரைவர், அது இல்லாவிட்டால் பிஎஸ் கிளாஸ் டிரைவர். இங்கே எப்சன் டிரைவரைத் தெரிவுசெய்யக் கூடாது. மொழிபெயர்த்ததையே மறுபடி மொழிபெயர்க்கக் கொடுத்தது போலாகும்.

அந்த எண் மாறாமல் இருக்க வேண்டும். ரவுட்டரின் பக்கத்துக்குப் போய், டிஎச்சிபி (கணினிகளுக்கு எண் கொடுக்கும் வேலை) பகுதியில் லினக்ஸ் கணினிக்கு ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் கரண்ட் போய் வந்த ஒரு நாளில் எண் மாறி, 'நேற்றுவரை வேலை செய்ததே' என்று எல்லோரும் விழிப்பீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பிரின்டர் தெரியவில்லையென்றால் வைஃபையைப் பாருங்கள். மேல் மாடிக்கு சிக்னல் போதாமல் இரண்டாவது ரவுட்டர் வாங்கி வைத்த வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். ஒரு கணினிக்கு 192.168.1 என்றும் மற்றதற்கு 192.168.0 என்றும் எண் வந்தால் அவை வெவ்வேறு வீட்டில் இருப்பது போலத்தான், ஒன்றையொன்று காணாது. இரண்டாவது ரவுட்டரின் முகவரியை முதல் ரவுட்டரின் வரிசைக்குள் மாற்றி, அதன் டிஎச்சிபியை நிறுத்தி, வயரை 'வான்' (WAN) என்ற துளையிலிருந்து கழற்றி 'லான்' (LAN) என்ற துளையில் போடுங்கள். 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கும் போனுக்கும், விபிஎன் ஓடும் லப்டொப்புக்கும் பிரின்டர் தெரியாது.

நீங்கள் வினாத்தாள் அடிப்பவர் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாமினியில் அடித்த வேர்ட் கோப்பை மகனின் உபுண்டுவில் திறந்து அச்சிட்டால், அந்த எழுத்துரு அங்கே இல்லாததால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் வரும். மக்கில் வந்த %! தாள்கள் போலவே தோன்றினாலும் இது வேறு நோய், பிரின்டருக்கும் இதற்கும் தொடர்பில்லை. யூனிகோடில் அடித்திருந்தாலும், வின்டோஸில் இருந்த எழுத்துரு மற்றதில் இல்லாவிட்டால் வேறொன்று வந்து உட்கார்ந்து, இரண்டு பக்க வினாத்தாள் மூன்று பக்கமாகும். ஆகவே அடித்த கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கி, அதையே பிள்ளைகளிடம் கொடுங்கள். எழுத்துருவும் அதற்குள்ளேயே போய்விடும்.

பிரின்டரைச் சுவர்ச் சுவிட்சில் நிறுத்த வேண்டாம், அதன் சொந்தப் பொத்தானால் நிறுத்துங்கள். அப்போதுதான் மைத் தலை தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். அச்சிடும்போது கரண்ட் போய்விட்டால், வந்ததும் உடனே போட்டுவிடுங்கள், திறந்தபடி நின்ற தலை திரும்பி மூடிக்கொள்ளும். கிழமைக்கு ஒரு கலர்த் தாளாவது அச்சிட்டால் மை காய்ந்து அடைக்காது. மார்கழி மழைக்காலத்தில் கடற்காற்றோடு சேர்ந்து தாள் ஈரம் பிடித்து இரண்டு மூன்றாக இழுபடும். தட்டில் தேவையான அளவு மட்டும் வைத்து, மீதியை உறையோடு அலுமாரிக்குள் வையுங்கள்.

ஸ்கேன் செய்வது மட்டும் இந்த ஏற்பாட்டில் தானாகப் பகிரப்படாது, கப்ஸ் அச்சை மட்டுமே பார்க்கும். லினக்ஸ் கணினியிலேயே ஸ்கேன் செய்து, எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு ஃபோல்டரில் போடுவது இலகு. மை பாயும் துளைகளைச் சுத்தம் செய்வதைப் பிரின்டரின் பொத்தானிலிருந்தே செய்யலாம், அதற்காக வயரைக் கழற்றி வின்டோஸில் மாற்றிக் கொழுவத் தேவையில்லை.