கிட்டார் சிந்தசைசரை கீபோர்டோட கோர்க்கணுமா? கேபிளை மாத்துங்க முதல்ல

காவேரிப்பட்டணத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. திருவிழா கச்சேரி குழுவுல கிட்டார் வாசிக்கறாராம், ரோலண்ட் ஜிஆர்-55ங்கற கிட்டார் சிந்தசைசர் வாங்கியிருக்காரு, குழுவோட யமஹா கீபோர்டுல இருக்கற புல்லாங்குழல், ஷெனாய் சவுண்டை கிட்டார்லயே வாசிக்கணும், ஆனா யூஎஸ்பி கேபிள்ல ரெண்டையும் கோர்த்தா சத்தமே வரலையாம்.

வராது தம்பி. ரெண்டு பெட்டியிலயும் இருக்கறது கம்ப்யூட்டரை எதிர்பார்த்து உக்காந்திருக்கற யூஎஸ்பி போர்ட், நடுவுல ஹோஸ்ட், அதாவது ரெண்டையும் நடத்தற கம்ப்யூட்டர் மாதிரி ஒண்ணு, இல்லாம ஒண்ணோட ஒண்ணு பேசாது. உங்க கீபோர்டு பின்னாடி வட்டமா 5 பின் மிடி (இசைக்கருவிங்க ஒண்ணுக்கொண்ணு தகவல் அனுப்பற முறை) ஓட்டை இருக்கான்னு பாருங்க, இருந்தா ஜிஆரோட மிடி அவுட்ல இருந்து கீபோர்டோட மிடி இன்னுக்கு ஒரே கேபிள், அவ்ளோதான். புது மாடல் நிறையல அந்த ஓட்டையே கிடையாது, அப்போ யூஎஸ்பி மிடி ஹோஸ்ட்னு சின்ன பெட்டி ஒண்ணு வேணும், பெங்களூரு போறவங்க யார்கிட்டயாவது சொல்லி வாங்கிக்கோங்க. லேப்டாப் வெச்சும் பண்ணலாம், ஆனா கோயில் மேடையில ஜெனரேட்டர் கரண்ட்டை நம்பி லேப்டாப்பை நடுவுல வெக்கறதை நான் சொல்லமாட்டேன். இன்னொண்ணு, மிடி கேபிள்ல சத்தம் போகாது, எந்த ஸ்வரம் எவ்ளோ அழுத்தம்ங்கற தகவல்தான் போகும், அதனால கீபோர்டோட அவுட்புட்டை தனியா மிக்சருக்கு குடுக்கணும்.

இனிமேதான் முக்கியமான வேலை. ஜிஆர்ல மிடியை மோனோ மோடுக்கு மாத்துங்க, அப்பதான் 6 கம்பிக்கும் 6 சேனல், அதாவது தனித்தனி தகவல் பாதை, கிடைக்கும், ஒரு கம்பியை இழுத்தா அது மட்டும் இழுபடும், மத்த கம்பி சுருதி நகராது. சேனல் 1ல ஆரம்பிங்க, 5ல ஆரம்பிச்சா கடைசி கம்பி 10ல போய் விழும், அது டிரம்ஸோட சேனல், நீங்க ஷெனாய் வாசிக்கறப்ப நடுவுல தாளம் அடிக்கும். கீபோர்டுல அந்த 6 சேனலுக்கும் ஒரே சவுண்டை போட்டு, பெண்ட் ரேஞ்ச் (இழுக்கறப்ப சுருதி அதிகபட்சம் எத்தனை அரை ஸ்வரம் நகரலாம்ங்கற நம்பர்) ஜிஆர்ல என்ன நம்பரோ அதையே வெக்கணும். ஜிஆர்ல 12, கீபோர்டுல வழக்கமா இருக்கற 2ன்னு விட்டீங்கன்னா, ரெண்டு ஃப்ரெட் அளவு, அதாவது ரெண்டு அரை ஸ்வரம், கம்பியை இழுத்தாலும் கீபோர்டுல அரை ஸ்வரம் கூட ஏறாது, நம்ம பாட்டுல கமகம் போச்சுன்னா என்ன மிச்சம்? கீபோர்டுல அதை மாத்த வழியே இல்லைன்னா பெண்டை அனுப்பாத குரோமாட்டிக் செட்டிங் போட்டு நேர் ஸ்வரமா வாசிங்க.

கம்பியோட அதிர்வை ஜிஆருக்கு அனுப்பற பிக்கப்பையும் பாருங்க, கடைசி ஃப்ரெட்டை அழுத்தினா கம்பிக்கும் அதுக்கும் 1 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கணும். ஸ்டீல் கம்பி மட்டும்தான், நைலான் ஆகாது.

சத்தம் லேட்டா வருதேன்னு அடுத்து கேப்பீங்க, கேபிள் மேல பழி வேணாம், ஒரு நோட் போக கிட்டத்தட்ட 1 மில்லிசெகண்ட்தான் ஆகும். தடிச்ச ஈ கம்பி செகண்டுக்கு 82 தடவைதான் அதிருது, ஒரு சுத்துக்கே 12 மில்லிசெகண்ட், அது சுத்தி முடியாம ஸ்வரம் என்னன்னு மெஷினுக்கு தெரியாது. அதனால வேகமான பிட்டை மெல்லிசு கம்பியில வாசிச்சு, கீபோர்டுல ஒரு ஆக்டேவ் கீழ இறக்கிக்கோங்க.