கிழித்தது யார்?

கேள்வி: எனக்கு 42 வயது. 17 வயதில் ஓவியம் படிக்க ஆசைப்பட்டேன்; அப்பா வணிகவியலில் சேர்த்துவிட்டார். 29 வயதில் ஒரு வடிவமைப்பு நிறுவனத்திலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. சம்பளம் குறைவு. மனைவி தயங்கியதால் அதுவும் கைநழுவிப் போய்விட்டது. அன்று இரவே அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். இன்றும் பிடிக்காத கணக்குப் பிரிவில்தான் உட்கார வைக்கப்பட்டிருக்கிறேன். அந்த வேலைக்குப் போயிருந்தால் எங்கேயோ இருந்திருப்பேன். அப்பாவுக்கு இப்போது 74 வயது. 'என் வாழ்க்கையைக் கெடுத்தது நீங்கள்தான்' என்று ஒருமுறையாவது அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது. சொல்லலாமா?
- முடிவெடுக்க விடப்படாதவன்

பதில்: இந்தப் பகுதியை எழுதி எழுதி எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. கடிதம் வந்தால் முதலில் வினைச்சொற்களைத்தான் பார்ப்பேன். உங்கள் கடிதத்தில் 'சேர்த்துவிட்டார்', 'கைநழுவிப் போய்விட்டது', 'உட்கார வைக்கப்பட்டிருக்கிறேன்' எல்லாம் இருக்கின்றன. புனைபெயர்கூட 'விடப்படாதவன்'. ஆசைப்பட்டதைத் தவிர, நீங்களாகச் செய்ததாக ஒரே ஒரு வினைதான் அகப்பட்டது: 'கிழித்துப் போட்டேன்.'

அந்தச் சொல்லுக்கு வருகிறேன். அதற்கு முன் 17 வயது.

அதில் உங்கள் மேல் தவறே இல்லை. கட்டணம் கட்டுபவர் அப்பா, கையெழுத்துப் போடுபவர் அப்பா, வீடும் அவருடையது. அந்த வயதில் எதிர்த்து நின்றிருக்கலாமே என்று இப்போது யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 'எல்லாவற்றுக்கும் நீயே பொறுப்பு' என்கிற பேச்சு மேடைக்கு நன்றாக இருக்கும். நோயிலும் வறுமையிலும் அடக்குமுறையிலும் மாட்டிக்கொண்டவரிடம் அதையே சொல்வது கொடுமை. நடப்பதெல்லாம் தன் கையில் என்று நம்புகிறவர், விதியின் கையில், அடுத்தவர் கையில் என்று நம்புகிறவர் என்ற வேறுபாட்டை அளக்க 1966-ல் ஓர் அளவுகோல் தந்த உளவியலாளர் ஜூலியன் ராட்டர், முதல் வகையினர் நல்லவர்கள், இரண்டாம் வகையினர் கெட்டவர்கள் என்று பிரித்துவிடாதீர்கள் என 1975-ல் அவரே எச்சரிக்க வேண்டியதாயிற்று.

ஆனால் 29 வயது வேறு கதை. அப்போது சம்பாதித்தது நீங்கள். கடிதம் வந்தது உங்கள் பெயருக்கு. மனைவி 'மறுத்தார்' என்று நீங்கள் எழுதவில்லை, 'தயங்கியதால்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். சம்பளம் குறையப்போகிறது என்றால் யாரும்தான் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் எத்தனை நாள் நீடித்திருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள நீங்கள் இடமே கொடுக்கவில்லையே, அன்று இரவே கிழித்துவிட்டீர்கள்.

என் ஊகத்தைச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் திட்டி எழுதுங்கள். அந்த இரவில் உங்களுக்கும் பயம் இருந்தது. பன்னிரண்டு வருடம் கழித்துப் போய் வரைந்து, 'இவனுக்கு இவ்வளவுதான் வரும்' என்று தெரிந்துவிட்டால்? மனைவியின் தயக்கம் அந்தப் பயத்துக்குக் கிடைத்த நல்ல மறைவிடம். கிழித்ததற்குக் கூலியும் கிடைத்தது: மாதம் தவறாத சம்பளம், தோற்றுப்போகாத ஓர் ஓவியர், கூடவே குற்றம் சொல்ல ஓர் ஆள். மூன்றாவது கூலியைத்தான் இன்றுவரை செலவழித்துக்கொண்டிருக்கிறீர்கள். பயந்தது குற்றமல்ல. குடும்பத்தின் வருமானத்தைக் காப்பாற்றியது நல்ல முடிவாகக்கூட இருந்திருக்கலாம். உங்கள் முடிவுதான் அது, அவ்வளவுதான் நான் சொல்வது.

'எங்கேயோ இருந்திருப்பேன்' என்கிற வரியையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற இரு உளவியலாளர்கள் 1990-களில் வருத்தங்களை ஆராய்ந்தார்கள். உடனடியாகச் சுடுவது செய்த காரியம். வருடங்கள் போகப்போக உறுத்துவது செய்யாமல் விட்டது என்று கண்டார்கள். செய்ததன் விளைவு ஓர் இடத்தில் நின்றுவிடும். செய்யாததற்கு எல்லை கிடையாது, கற்பனை அதை வளர்த்துக்கொண்டே போகும். நீங்கள் போகாத அந்த அலுவலகத்தில் சிடுசிடுக்கும் மேலதிகாரி கிடையாது, நிராகரிக்கப்பட்ட வரைபடம் கிடையாது, ஆட்குறைப்பு கிடையாது. பதின்மூன்று வருடமாக அங்கே உங்களுக்குப் பதவி உயர்வுதான்.

தமிழில் 'பொறுப்பு' என்ற சொல் 'பொறு' என்பதிலிருந்து வந்தது. தாங்குவதும் பொறுத்தல், மன்னிப்பதும் பொறுத்தல். நீங்கள் பொறுப்பு என்றதும் பழி என்று கேட்டுக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பழி என்றால் யார் தலையில் கட்டுவது என்ற தேடல் வந்துவிடும், அதனால்தான் 74 வயதுக்காரரின் முகம் தேவைப்படுகிறது.

சரி, அப்பாவிடம் சொல்லலாமா? சொல்லுங்கள், 17 வயதை மட்டும். 'நான் ஓவியம் படிக்கக் கேட்டேன், நீங்கள் காது கொடுக்கவில்லை, அது இன்னும் வலிக்கிறது' என்பது உண்மை. அவர் கேட்க வேண்டிய உண்மையும்கூட. பதிலுக்கு அவர் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், 'உன் நல்லதுக்குத்தானே' என்றுதான் பெரும்பாலும் வரும். அதைக் கேட்டுவிட்டு எழுந்து வர முடியும் என்றால் போங்கள். 'என் வாழ்க்கையைக் கெடுத்தது நீங்கள்தான்' என்பதைச் சொல்லாதீர்கள். அதில் 29 வயதும் சேர்ந்துவிடுகிறது. அந்தக் கணக்கு அவருடையதல்ல. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

போவதற்கு முன் எனக்கு எழுதியதை மறுபடி எழுதிப் பாருங்கள், 29 வயதுக்குப் பிறகு வரும் வாக்கியங்களை மட்டும் 'நான்' என்று தொடங்கி. 'நான் பயந்தேன்', 'நான் சம்பளத்தைத் தேர்ந்தெடுத்தேன்', 'நான் இன்னும் இந்த வேலையில் இருக்கிறேன், ஏனென்றால்...' அந்த 'ஏனென்றால்'-க்குப் பிறகு என்ன வருகிறது என்பது எனக்குத் தெரியாது. அங்கே நியாயமான காரணம் வந்தால் வேலையில் இருங்கள், ஆனால் 'உட்கார வைக்கப்பட்டிருக்கிறேன்' என்பதை அடித்துவிடுங்கள். காரணம் எதுவும் வராவிட்டால் பேசவேண்டிய ஆள் அப்பா இல்லை.

மனைவிதான். கடிதத்தைக் கிழித்தது அவருக்குத் தெரியுமா? அதை நீங்கள் எழுதவே இல்லை.