வாசகர் கேள்வி – பதில்: இடமாற்றம் கேட்பது அழைப்பை மறுப்பதாகுமா?

கேள்வி: இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாப் பகுதியில் தோட்டப் பாடசாலையொன்றில் நீண்ட காலமாகக் கணிதம் கற்பித்து வருகிறேன். ஆசிரியத் தொழில் கர்த்தர் தந்த அழைப்பு என்று நம்பித்தான் இதற்கு வந்தேன். இப்போதோ, ஜனவரியில் பாடசாலை திறக்கப்போகிறது என்று நினைத்தாலே மனம் சோர்ந்துவிடுகிறது. என் பிள்ளைகள் ஹட்டனில் படிப்பதால் அங்கே இடமாற்றம் கேட்கும்படி கணவர் சொல்கிறார். எங்கள் போதகரோ, அழைக்கப்பட்ட இடத்தை விட்டுப் போகக் கூடாது என்கிறார். வருடப் பிறப்பு ஆராதனையில் ஒவ்வொருவரும் எடுக்கும் அட்டையில் கிடைக்கும் வாக்குத்தத்த வேத வசனத்தை வைத்து முடிவெடுக்கலாம் என்றிருக்கிறேன். இது சரியா?
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்: சகோதரி, வாக்குத்தத்த அட்டையை முதலில் ஒதுக்கி வைத்துவிடுவோம். ஆண்டு முழுவதும் மனத்தில் வைத்துத் தைரியம் கொள்வதற்காகத் தரப்படும் வசனம் அது. வரிசையில் உங்களுக்கு முன்னால் நின்ற பாட்டி அடுத்த அட்டையை எடுத்திருந்தால் உங்கள் கைக்கு வேறொரு வசனம் வந்திருக்கும். வலயக் கல்விப் பணிமனைக்கு விண்ணப்பம் அனுப்புவதா வேண்டாமா என்று அதைக் கொண்டு தீர்மானிப்பது வேதத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

மூன்றாம் தவணை விடைத்தாள்கள், தேர்ச்சி அறிக்கைகள், நாளைக்குள் வேண்டும் என்று பணிமனை கேட்ட படிவங்கள் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிட்டு, அதன் பிறகும் டிசம்பரில் உற்சாகம் குறையாமல் இருக்கும் ஆசிரியரை நான் இன்னும் சந்திக்கவில்லை. சோர்வைச் சோர்வு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவன் சாமுவேலை நினைத்துப் பாருங்கள். கர்த்தர் கூப்பிட்டபோது அது யாருடைய குரல் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. மூன்று முறையும் ஆசாரியன் ஏலியிடமே ஓடினான். கண் மங்கிய அந்த முதியவர்தான் அது யாருடைய அழைப்பு என்று உணர்ந்து சொன்னார். அவனுக்குக் கிடைத்த செய்தியும் கசப்பானது. அதை ஏலியிடம் சொல்லப் பயந்து விடியும்வரை படுத்திருந்தான். விடிந்ததும் எழுந்து ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான் என்று 1 சாமுவேல் 3ஆம் அதிகாரம் சொல்கிறது. உள்ளம் கலங்கியிருந்த நிலையிலும் அன்றைய வேலையை அவன் செய்தான். நீங்களும் இத்தனை காலம் அதைத்தான் செய்து வந்திருக்கிறீர்கள்.

போதகரின் அக்கறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் மலையகத்தில் 'அழைப்பு', 'சேவை' என்ற சொற்கள் ஆசிரியரை வாயடைக்கவும் பயன்பட்டிருக்கின்றன. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டன. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அதற்கு முன்பு பல தோட்டங்களில் ஓர் அறையில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளுக்கும் கற்பித்தார். அண்மைக் காலத்திலும், ஆசிரியர் உதவியாளர் என்ற பெயரில் நம் இளைஞர்களும் யுவதிகளும் மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவுக்கு வகுப்பறைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் நியாயமான சம்பளம் கேட்டதை அழைப்புக்கு விரோதம் என்று எவரும் சொல்ல முடியாது. உங்களை அங்கேயே இருக்கச் சொல்பவர், நீங்கள் மாலை பஸ்ஸில் வந்து சேரும்வரை உங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது யார் என்றும் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு விடயத்தை மாத்திரம் நீங்கள் தட்டிவிட்டுப் போக முடியாது. கணித ஆசிரியர் ஆண்டின் நடுவில் போய்விட்டால், சாதாரண தரப் பரீட்சைக்கு நிற்கும் தோட்டத்துப் பிள்ளைக்குத் தனியார் வகுப்புக்குப் போக வசதி இருப்பதில்லை. கணிதத்தில் சித்தியடையாதவருக்கு உயர் தரம் பயிலும் வழியும் ஒடுங்கிவிடுகிறது. ஆகவே இடமாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். ஆனால் பதில் ஆசிரியர் வந்த பிறகு, அல்லது பரீட்சை முடிந்த பிறகு விடுவிக்கும்படி அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் ஆளை நியமிப்பது கல்வித் திணைக்களத்தின் பொறுப்பு. அந்தச் சுமையை உங்கள் மனச்சாட்சியின் மேல் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

ஹட்டனுக்குப் போனாலும், முதல் பஸ்ஸில் தோட்டத்திலிருந்து வந்து, சப்பாத்தில் சேற்றோடு கடைசி வாங்கில் உட்காரும் பிள்ளை அங்கும் இருக்கும். இந்த ஜனவரியில் பழைய இடத்திலேயே இருக்க நேர்ந்தால், முதல் வாரத்தில் பாடத்திட்டத்தைத் தொடாமல், தரம் 6 பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து ஒரு கணக்கை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். கணக்கு வராதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களில் சிலருக்கு வாசிப்புத்தான் வராமல் இருக்கும்.

கேள்வி: பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்து, ஜனவரியில் முதல் நியமனம் பெறப்போகிறேன். என் வகுப்பில் பெரும்பாலும் இந்துப் பிள்ளைகளே இருப்பார்கள். அவர்களிடம் கிறிஸ்துவைப் பற்றிப் பேசாமலிருந்தால் என் அழைப்பு குறைபட்டதாகாதா?
– இளம் ஆசிரியர், தலவாக்கலை

பதில்: தம்பி, ஆசிரியர் சொல்லும்போது பிள்ளையால் மறுத்துப் பேச முடியாது. அந்த அதிகாரத்தைச் சமயத்துக்குப் பயன்படுத்துவது நேர்மையாகாது. மனச்சாட்சிச் சுதந்திரத்தை உறுதிசெய்யும் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரைக்கும் அது பொருந்தாது. பிள்ளை தானாகக் கேட்டால் ஒளிக்காமல் சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். மீதியை வீட்டில் அம்மா அப்பாவிடம் பேசச் சொல்லுங்கள்.

உங்களுக்கு உண்மையான சோதனை, பாடசாலையில் சரஸ்வதிக்கு எடுக்கும் வாணி விழாவில் வரும். பூசையில் கலந்துகொள்வதா என்பது உங்கள் மனச்சாட்சிக்குரியது. ஆனால் அன்றைக்குச் சுகவீன விடுமுறை எடுத்துக்கொண்டு மறைந்துவிடாதீர்கள். முதல் தவணையிலேயே அதிபரிடம் உங்கள் நிலையைச் சொல்லிவிட்டு, பிள்ளைகளின் பேச்சையும் நாடகத்தையும் பழக்கும் பொறுப்பை நீங்களாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.