ஃப்ளிப்பருக்கு வலு இல்லையா?

கேள்வி: 1960களில் சிகாகோவில் காட்லீப் நிறுவனம் தயாரித்த பின்பால் (சாய்ந்த பலகையில் உருளும் பந்தை அடித்து ஆடும்) மெஷின். பந்தை அடிக்கும் சிறு மட்டையான ஃப்ளிப்பர், அதைப் பாதி தூரம்கூடத் தள்ளுவதில்லை. அதை இயக்கும் காயிலை (மின்காந்தச் சுருளை) மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள், காயில் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதில் இரண்டு கம்பிச் சுற்றுகள்: தடித்தது அடிக்க, மெல்லியது தூக்கிய ஃப்ளிப்பரைப் பிடித்து நிறுத்த. ஃப்ளிப்பர் எழும்பி முடியும் இடத்தில் ஒரு ஸ்விட்ச், மூடியே இருந்து கடைசியில்தான் திறக்கும்; மூடியிருக்கும்வரை மின்சாரம் தடித்த சுற்றில் மட்டும் ஓடும். அதன் முனைகள் கருகினால் மின்சாரம் இரு சுற்றுகளையும் கடக்க வேண்டிவரும், அடி சொத்தையாகும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முனைகளைச் சிறு அரத்தால் தேயுங்கள். ஃப்ளிப்பர் முழுதாக எழும்பியதும் சுமார் 3 மி.மீ. இடைவெளி வேண்டும், வராவிட்டால் ஸ்விட்சின் தகட்டை வளையுங்கள். ஸ்விட்ச் திறக்கவே இல்லையென்றால், பட்டனை அழுத்திப் பிடித்தால் காயில் புகைந்துவிடும். காயிலுக்குள் இருக்கும் ஸ்லீவ் (குழாய்) உலோகமாக இருந்து தேய்ந்திருந்தால், அதற்குப் பதில் நைலான் போடலாம். எண்ணெய் மட்டும் வேண்டாம், தூசியோடு சேர்ந்து பிசினாகும்.