அப்டேட் செய்ததும் வைஃபை காணாமல் போனால் மதர்போர்டைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: என்னுடையது 2015-இல் வாங்கிய லேப்டாப். விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் வராது என்று மகன் அதை அழித்துவிட்டு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். நன்றாகத்தான் ஓடியது. இரண்டு வாரத்துக்கு முன் அப்டேட் கேட்டது, செய்தேன். மறுநாள் திறந்தால் வைஃபை அடையாளமே இல்லை. மகன் இப்போது பெர்த்தில் வேலை பார்க்கிறான். பக்கத்துக் கடையில் காட்டினேன். பார்ப்பதற்கு மட்டும் 30 வெள்ளி வாங்கிக்கொண்டு, மதர்போர்டு போய்விட்டது, 180 வெள்ளி ஆகும், எல்லாம் லினக்ஸால் வந்த வினை, ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டால்தான் சரியாகும் என்கிறார்கள். காலமான என் கணவரின் படங்கள் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்வது? (சிங்கப்பூர், ஈசூன் வாசகி)

அக்கா, லேப்டாப் இன்னும் கடையில் இருந்தால் இன்றைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள். ஃபார்மட் செய்தால் படங்கள் எல்லாம் அழிந்துவிடும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம் பேசலாம்.

மதர்போர்டு போன லேப்டாப் பெரும்பாலும் திறக்கவே திறக்காது. உங்களுடையது திறக்கிறது, படங்கள் தெரிகின்றன. போனது வைஃபை மட்டும், அதுவும் அப்டேட் செய்த மறுநாள். எங்கள் லினக்ஸ் நண்பர்கள் குழு சனிக்கிழமைகளில் ஒரு சமூக மன்றத்தில் கூடும். அங்கே வருகிற கோளாறுகளில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது இதுதான். போன மாதம் ஒரு பாலிடெக்னிக் மாணவி இதே கதையோடு வந்தார், அவரிடமும் யாரோ மதர்போர்டு என்றுதான் சொல்லியிருந்தார்கள். கப்பல் பட்டறையில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார், சின்னத் திருப்புளிகளை ஒரு பழைய மூக்குக் கண்ணாடி உறைக்குள் போட்டு எப்போதும் கையோடு வைத்திருப்பார். அவர் அந்த லேப்டாப்பின் அடிப்பக்கத்தைக் கழற்றி அந்தப் பெண்ணிடம் காட்டினார். பச்சை நிறத்தில் ஒரு குட்டி அட்டை, இரண்டு அஞ்சல்தலையை ஒட்டி வைத்த அளவுதான், ஓரத்தில் ஒரே ஒரு திருகு, மேலே கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய கம்பிகள். வைஃபை என்பது அவ்வளவுதான். உங்கள் காலத்து லேப்டாப்புகளில் அது தனி அட்டையாகச் செருகப்பட்டிருக்கும். அதுவே செத்துப் போயிருந்தாலும் அதை மட்டும் மாற்றலாம். இல்லையென்றால் யூஎஸ்பியில் செருகுகிற சின்ன வைஃபை துண்டு ஒன்று வாங்கினால் போதும். அதற்கு 180 வெள்ளி தேவையில்லை.

சரி, என்னதான் நடந்தது? லினக்ஸின் மையத்தில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. லேப்டாப்பின் ஒவ்வொரு பாகத்தோடும் பேசுவது அதுதான். நீங்கள் செய்த அப்டேட்டில் புதிய கெர்னல் வந்திருக்கும். பல வைஃபை அட்டைகளுக்கு வேண்டிய டிரைவர் (அட்டையையும் கெர்னலையும் பேச வைக்கிற மென்பொருள்) கெர்னலுக்குள்ளேயே இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. சில அட்டைகளுக்கு அதை வெளியிலிருந்து தனியாகச் சேர்க்க வேண்டும், ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் புதிதாகப் பொருத்தவும் வேண்டும். வீட்டுப் பூட்டை மாற்றினால் ஆளுக்கு ஒரு புதுச் சாவி செய்து கொடுக்க வேண்டும் இல்லையா, அது மாதிரி. அந்தப் பொருத்துகிற வேலை நடுவில் நின்றுபோனால், அட்டை நல்லபடியாக இருந்தும் கெர்னலுக்கு அது தெரியாது.

உங்கள் காலத்து லேப்டாப்புகளில் பிராட்காம் என்ற நிறுவனத்தின் அட்டைகள் நிறைய உண்டு. உங்களுடையதும் அதுவாக இருக்கலாம். அவற்றில் பல அட்டைகளுக்கு மின்ட் போடுகிற டிரைவரின் கடைசி மூலப் பதிப்பு 2015-இல் வந்தது. அதற்குப் பிறகு கெர்னல் எத்தனையோ முறை மாறிவிட்டது, அந்தப் பழைய டிரைவரை உபுண்டு, டெபியன் என்கிற மற்ற லினக்ஸ் வகைகளைச் செய்கிறவர்கள்தான் ஒவ்வொரு முறையும் ஒட்டுப் போட்டு ஓட்டி வருகிறார்கள். அந்த நிறுவனம் மூல நிரலை முழுதாகத் திறந்துவிட்டிருந்தால் உங்களுக்கு இந்த இரண்டு வார அலைச்சல் இருந்திருக்காது. லேப்டாப் விற்கிறவர்களும் பெட்டியின் மேல் நினைவகம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். உள்ளே எந்த வைஃபை அட்டை என்பதை மட்டும் எங்கேயும் போட மாட்டார்கள். ஒரே மாடல் எண்ணில் இரண்டு விதமான அட்டைகள் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். வாங்குகிறவர் இதை எப்படித் தெரிந்துகொள்வார்? எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. கணினியை அணைத்துவிட்டு மறுபடி திறங்கள். தயாரித்த கம்பெனியின் பெயர் திரையில் வந்து மறைகிற நேரத்தில் எஸ்கேப் விசையை ஒரு தடவை தட்டுங்கள், தொடர்ந்து தட்ட வேண்டாம். நிறையத் தட்டிவிட்டால் கறுப்புத் திரையில் குருப் என்று மட்டும் எழுதி நிற்கும். பயப்பட ஒன்றுமில்லை, பவரை அணைத்துவிட்டுத் திரும்ப முயலுங்கள். எஸ்கேப்புக்கு மசியாத சில பழைய கணினிகளில் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சின்னப் பட்டியல் ஒன்று வரும். அதில் இரண்டாவதாக 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' என்று இருக்கும், அதற்குள் போங்கள். உள்ளே எண்களோடு வரிகள் இருக்கும், ஒவ்வொரு எண்ணும் இரண்டு முறை வரும், ஒன்று சாதாரண வரி, மற்றது 'ரெக்கவரி மோட்' என்று முடிகிற வரி. ரெக்கவரி எதையும் தொடாதீர்கள். மேலே இருப்பது புதிய எண், அதற்கு அடுத்த குறைந்த எண்ணின் சாதாரண வரியைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுங்கள். இது உங்கள் பழைய கெர்னல். மின்ட் அதை அழிக்காமல் வைத்திருக்கும். திறந்ததும் வலது கீழ் மூலையைப் பாருங்கள். வைஃபை அடையாளம் வந்திருந்தால் மதர்போர்டுக் கதை அதோடு முடிந்தது.

வைஃபை வந்தாலும் வராவிட்டாலும் உடனே செய்ய வேண்டியது படங்களை வெளியே எடுப்பதுதான். ஒரு நல்ல தம்ப் டிரைவ் வாங்குங்கள், முடிந்தால் இரண்டு. படங்கள் இருக்கிற கோப்புறையை அப்படியே அதில் நகலெடுங்கள். இங்கே எல்லாரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. நகலெடுக்கிற பட்டை ஓடி முடிந்து மறைந்துவிடும், முடிந்துவிட்டது என்று நாம் தம்ப் டிரைவைப் பிடுங்கிவிடுவோம், ஆனால் லினக்ஸ் அப்போதும் பின்னால் எழுதிக்கொண்டே இருக்கும். அதனால் இடது பக்கத்தில் அந்த டிரைவின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்துங்கள். இனி எடுக்கலாம் என்று செய்தி வரும்வரை காத்திருங்கள், ஐந்து நிமிடம் ஆனாலும் சரி. பிறகு அதை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து படங்களைத் திறந்து பார்த்துவிடுங்கள். திறந்து பார்க்காத நகலை நான் நகலாகவே கணக்கில் வைப்பதில்லை.

கடைக்காரர்கள் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் அம்மாவின் லேப்டாப்பை ஒரு கடையில் கொடுத்து, 'போர்டு மாற்றியாச்சு' என்று 220 வெள்ளி வாங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத் திருகுகளின் பள்ளத்தில் பல வருடத் தூசி அப்படியே இறுகிக் கிடந்தது, ஒரு திருகின் மேல் ஒட்டியிருந்த வட்ட ஸ்டிக்கர் கிழியக்கூட இல்லை. யாரும் அதைத் திறக்கவே இல்லை. அம்மாவிடம் ரசீதும் இல்லை, ரொக்கமாகக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: எந்தப் பாகம் போயிற்று என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள், கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள், கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள், ஃபார்மட் என்ற சொல் காதில் விழுந்தால் லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள். ரசீது இருந்தால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம், ஸ்மால் கிளைம்ஸ் மன்றத்திலும் மனுக் கொடுக்கலாம். எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் எங்கே போனாலும் கஷ்டம்தான்.

அவர்கள் போடுகிறேன் என்கிற விண்டோஸ் எது என்று கேட்டீர்களா? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் சில்லாவது வேண்டும், 2015 லேப்டாப்பில் அது இருக்காது. எப்படியாவது போட்டுத் தருகிறேன் என்பவர், மைக்ரோசாஃப்ட் வைத்த தடையைச் சுற்றிக்கொண்டு போகிறார். நாளைக்கு அப்டேட் நின்றால் அவர் பொறுப்பேற்க மாட்டார். லினக்ஸின் மேல் தவறே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன், புதுக் கெர்னல்தானே இந்த வேலையைச் செய்தது. ஆனால் பழைய கெர்னலைப் பத்திரமாக வைத்திருந்து, திரும்பிப் போக வழியும் விட்டிருக்கிறது.

அடுத்தது டிரைவரைச் சரி செய்வது. பழைய கெர்னலில் வைஃபை வந்திருந்தாலும், டிரைவரை நீக்கியதும் அது நின்றுவிடலாம். அதனால் வைஃபை வந்தாலும் வராவிட்டாலும் வரவேற்பறையில் இருக்கிற ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளை லேப்டாப்பில் செருகுங்கள். கேபிள் இல்லையா, ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பியில் இணைத்து அமைப்புகளில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதைப் போடுங்கள். கைப்பேசி வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலும் அதையே பகிரும், டேட்டா செலவாகாது. சார்ஜுக்கு மட்டும் ஆன கேபிளாக இருக்கக் கூடாது, அதில் இது நடக்காது. அப்புறம் மெனுவில் 'டிரைவர் மேனேஜர்' திறந்து, வைஃபைக்கு அது பரிந்துரைக்கிற டிரைவரை நீக்கிவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

இங்கே ஒரு இடத்தில் நிற்க வேண்டும், ஏனென்றால் நன்றாக விவரம் தெரிந்தவர்களே இதில் தோற்றுப் போகிறார்கள். உங்கள் லேப்டாப்பில் 'செக்யூர் பூட்' (கணினி திறக்கும்போது அங்கீகாரம் இல்லாத மென்பொருளைத் தடுக்கிற காவல்) போட்டிருந்தால், டிரைவரைப் போடும்போது புதிதாக ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். குறைந்தது எட்டு எழுத்து. ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்து மறுபடி திறக்கும்போது, மின்ட் வருவதற்கு முன்னால் ஒரு நீலத் திரை வரும், ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று ஆங்கிலத்தில் கேட்கும். பத்து விநாடிதான் காத்திருக்கும். நீங்கள் தேநீர் கலக்கப் போய்விட்டால் அது தானாக மூடிக்கொண்டு மின்ட்டுக்குப் போய்விடும். வைஃபை வராது, ஏன் வரவில்லை என்று எங்கேயும் சொல்லாது. அந்தத் திரை வந்ததும் ஒரு விசையைத் தட்டி, 'என்ரோல் மோக்' என்ற வரியைத் தேர்ந்தெடுத்து, 'கன்டினியூ', 'யெஸ்' என்று போய், அந்தக் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யுங்கள். தட்டும்போது எழுத்துகள் தெரியாது, தெரியாமலேதான் தட்ட வேண்டும். முதல் பட்டியலிலும் 'கன்டினியூ பூட்' என்று ஒரு வரி இருக்கும். பார்த்தால் அதுதான் சரியான வழி மாதிரித் தோன்றும், அதைத் தொட்டால் எல்லாம் வீண். நீலத் திரையைத் தவறவிட்டால் டிரைவரை நீக்கித் திரும்பப் போடுவதிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். இத்தனை முக்கியமான ஒரு படியை விளக்கம் ஒன்றுமில்லாமல் பத்து விநாடித் திரையில் வைத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். இது சரிப்படவில்லை என்றால் பயாஸுக்குள் (மின்ட் வருவதற்கு முன் திறக்கிற கணினியின் அமைப்புத் திரை) போய் செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாம். உங்கள் கணினியில் விண்டோஸ் இல்லாததால் அதில் பெரிய சிக்கல் இல்லை.

இணையத்தில் தேடினால் கறுப்புத் திரையில் ஒட்டச் சொல்லி நூறு கட்டளைகள் கிடைக்கும். எதையும் ஒட்டாதீர்கள். 'சூடோ' என்று தொடங்கும் கட்டளைக்குக் கணினியின் முழு அதிகாரமும் போகிறது. அதை எழுதியவர் எந்த வருடத்துக் கணினிக்கு, எந்த அட்டைக்கு எழுதினார் என்று நமக்குத் தெரியாது. வேறு டிஸ்ட்ரோ, அதாவது வேறு லினக்ஸ் வகை, போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று ஆர்வத்தில் சொல்கிற நண்பர்களும் இருப்பார்கள், எங்கள் குழுவிலேயே உண்டு. உங்கள் வேலைக்கு மின்ட் போதும்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் ஒரு சனிக்கிழமை நேரில் கொண்டு வாருங்கள், அக்கா. ஒரு லேப்டாப்பைச் சுற்றி நாலு பேர் குனிந்து உட்கார்ந்திருப்போம், யாராவது ஒருவர் தே ஓ வாங்கி வருவார், யாரும் காசு கேட்க மாட்டார்கள். அந்த அண்ணனிடம் எல்லா லேப்டாப்பிலும் ஓடுகிற யூஎஸ்பி வைஃபை துண்டு ஒன்று இருக்கிறது, அன்றைக்கு அதைச் செருகியே வேலையைத் தொடங்கிவிடலாம். வரும்போது சார்ஜர், லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணின் படம், அப்டேட் செய்த தேதி மூன்றும் வேண்டும். உங்கள் கணவரின் படங்கள் இருக்கிற தம்ப் டிரைவை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அது வீட்டில் இருக்கிறது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் நாங்கள் லேப்டாப்பைத் தொடுவோம்.